நந்தாவிளக்கும் இல்லத்து விளக்கும்

பழமையான திருக்கோயில்களைப் பிரதக்ஷிணம் செய்யும் அடியார்கள், சுவரிலும் அதிஷ்டானத்திலும் நெருக்கமாகப் பொறிக்கப்பெற்ற எழுத்துக்களைக் கண்டிருப்பார்கள். கைகூப்பிக் கடந்து செல்வோர் பலர். நின்று படிப்போர் மிகச் சிலர். சோழ மன்னரின் மெய்க்கீர்த்தி முழங்கி முடிந்தபின், அக்கல்வெட்டுக்கள் பெரும்பாலும் இறங்கி வருவது மிக எளியதொரு செய்திக்கே ஆகும். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், இன்ன சந்நிதியில் ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்காக 96 ஆடுகளை அளித்தார் என்பதே அச்செய்தி. சிவாலயம், விண்ணகரம் என்ற வேறுபாடின்றித் தமிழகமெங்கும் இது காணப்படுகிறது. சில ஊர்களில் எண்ணிக்கை 90 என்றும் வரும்; ஆடுகளுக்குப் பதிலாகப் பசுக்கள் அளிக்கப்பெற்றதும் உண்டு. ஆயினும் ஒரு விளக்கு என்றால் 96 ஆடுகள் என்பது அக்காலத்தில் ஊரறிந்த கணக்காக இருந்தது.

அந்த ஆடுகள் கோயிலிலே கட்டிவைக்கப்படவில்லை. மன்றாடி என்று கல்வெட்டுக்கள் குறிப்பிடும் இடையன் ஒருவனிடம் அவை ஒப்படைக்கப்பெற்றன. அவன் அவற்றை மேய்த்துக் காத்து, அவற்றின் பயனிலிருந்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைச் சந்நிதிக்கு அளக்க வேண்டும். அவனுக்குப் பிணை நின்றோரின் பெயர்களும் சில கல்வெட்டுக்களில் உள்ளன. அந்த ஆடுகளுக்கு வழங்கிய பெயர் ஊன்றி நோக்கத்தக்கது. 'சாவா மூவாப் பேராடு' என்று அவற்றைக் கல் குறிக்கிறது. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும், மூப்பும் அடையும். ஆனால் இறந்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து, மந்தையின் எண்ணிக்கை என்றும் 96 ஆகவே நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மந்தையைத் தொடக்கூடாது, மந்தை தரும் பயனை மட்டுமே விளக்கில் வார்க்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரியும் என்று அவ்வூர்ப் பெரியோர் அறிந்திருந்தார்கள். ஒரு நாள் ஆசை மிகுந்து பத்து விளக்குகளுக்குரிய நெய்யை ஒரே இரவில் எரித்திருந்தால், மந்தை குறைந்து, அடுத்த தலைமுறைக்கு அகல் மட்டுமே எஞ்சியிருக்கும்.

இன்று இல்லத்தில் விளக்கேற்ற மன்றாடியும் வேண்டாம், உழக்கும் வேண்டாம். சுவரில் உள்ள விசையை விரல் நுனியால் தட்டினால் போதும். வசதி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒளிக்குப் பின்னால் நிற்கும் மந்தை எது, அது எவ்வளவு, யார் அதை மேய்க்கிறார் என்பது கண்ணுக்கு மறைந்துவிட்டது. மறைந்ததனால் இல்லாமற் போய்விடவில்லை.

பூமிப்பிராட்டியைத் தன் கோரத்தில் ஏந்தி எடுத்த எம்பெருமான், பூவராஹனாக எழுந்தருளியிருக்கும் திவ்யஸ்தலம் ஸ்ரீமுஷ்ணம். அதே கடலூர் மாவட்டத்தில்தான் நெய்வேலியும் உள்ளது. அங்கே 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்று, 1962 முதல் அனல்மின் உற்பத்தி நடைபெற்று வருகிறது. தமிழகத்தின் எத்தனையோ இல்லங்களுக்கும் ஆலைகளுக்கும் ஒளியும் விசையும் அளித்த இடம் அது. அதன் நன்றியை மறப்பது முறையன்று. ஆயினும் கணக்கையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்திற்கு அங்கே ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. அக்கரியை எடுக்க மேல்மண் முழுவதும் அகழப்படுகிறது, சுரங்கத்தில் நீர் பொங்கி வராதிருக்க நிலத்தடி நீர் ஓயாது இறைக்கப்படுகிறது, ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அப்பகுதியிலுள்ள வளையமாதேவியில், பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டு, உழவர்கள் தொடர்ந்து பயிரிட்டு வந்த நிலத்திலே, கால்வாய் வெட்டும் பணிக்காக இயந்திரங்கள் இறங்கின. வளர்ந்து நின்ற நெற்பயிர் மண்ணோடு புரண்டது. அதைப் படத்திலே கண்டவர்கள்கூடக் கலங்கினார்கள். கண்ட இரவிலும் ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்த இல்லங்கள் எத்தனையோ!

நிலக்கரி என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் அமிழ்ந்த மரங்களின் உடல். அதற்குக் குட்டி ஈனும் இயல்பு இல்லை. ஆகவே கரியை எரிப்பது நெய்யை எரிப்பதன்று, மந்தையையே எரிப்பது. அதன் புகையால் வானம் வெப்பமுற்று, மழை தன் காலம் தவறுவதும், பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும் இக்காலத்தவர் கண்ணாரக் காண்பவை. கதிரவனும் காற்றும் அவ்வாறல்ல. அவை நாள்தோறும் நெய் அளக்கும் மந்தைகள். திருமலையில் 2002ஆம் ஆண்டு, சூரிய வெப்பத்தைக் குவித்து நீராவி உண்டாக்கி, அடியார்களுக்கு அன்னம் சமைக்கும் சாதனம் நிறுவப்பெற்றது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில் அது வகுக்கப்பட்டிருந்தது. வீட்டு மாடியில் சூரியத் தகடு பதிப்போருக்கு உதவும் மத்திய அரசின் திட்டமும் 2024இல் தொடங்கப்பெற்றது. ஒரு கிலோவாட் அளவுள்ள தகடு, நல்ல வெயிலில் நாளைக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தரும். இயன்றவர் செய்யட்டும். மாடி இல்லாதவருக்கும் வாடகை வீட்டினருக்கும் வேறு வழிகள் உள. அவை காசு செலவில்லாதவை.

வழிகளுக்கு முன் ஒரு தத்துவத்தை நினைவுகொள்வது நலம். சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்கே சேஷம் என்பது ஸம்பிரதாயத்தின் உயிர்நாடி. அவன் உடையவன், மற்றவை யாவும் அவன் உடைமை. அவனுக்குரிய ஆத்மாவைத் தன்னது என்று எண்ணுவதையே களவுகளுக்கெல்லாம் தலையாய களவென்று ஆசாரியர்கள் சொல்லி வைத்தார்கள். ஆத்மாவே தன்னதன்று என்றால், அரிசியும் நீரும் எரிவாயுவும் மின்சாரமும் மட்டும் தன்னதாகிவிடுமோ? ஈசாவாஸ்ய உபநிஷத்து தன் முதல் மந்திரத்திலேயே இதைத்தான் எடுக்கிறது. 'கட்டணம் செலுத்துகிறேன், எரிக்கிறேன்; யார் கேட்பது?' என்று சிலர் வினவுவதுண்டு. கட்டணம், கொண்டுவந்து சேர்த்த கூலியே அன்றி, அகழ்ந்த பூமிக்கு விலையன்று. தமிழகத்தில் 2016ஆம் ஆண்டு முதல் இல்லங்களுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் வரை கட்டணமின்றி வழங்கும் ஏற்பாடும் வந்தது. ஏழை எளியவருக்கு அது பேருதவி. ஆனால் விலையில்லை என்பதால் அந்த நூறு யூனிட்டுக்குரிய கரி எரியாமல் இருந்துவிடுவதில்லை.

ஸ்ரீவேதாந்த தேசிகன் உஞ்சவிருத்தி செய்து, அன்றன்றைக்கு வேண்டிய அரிசியை மட்டுமே ஏற்று வாழ்ந்தார் என்பது குருபரம்பரை வரலாறு. ஒருவர் அன்பின் மிகுதியால் அரிசியோடு பொற்காசுகளைக் கலந்து இட, அவற்றைப் புழுவென்று சொல்லித் தர்ப்பையால் ஒதுக்கித் தள்ளினார் என்பர். இல்லறத்தார் அனைவரும் அந்நிலைக்கு ஏறுவது இயலாது. ஆயினும் அந்த மஹான் தம் இல்லத்தில் அளவென்ற ஒன்றை வைத்திருந்தார் என்பதையேனும் பின்பற்றலாம் அன்றோ?

அளவு தொடங்கும் இடம் தளிகையறை. மடைப்பள்ளியில் எம்பெருமானுக்குத் தளிகை செய்வோர் படி கொண்டு அளக்காமல் அரிசி களைவதில்லை. பல இல்லங்களில் அந்தப் படி பரணுக்கு ஏறிவிட்டது. கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டு, மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்றாம் நாள் குப்பையில் கொட்டும் வழக்கம் வந்துவிட்டது. கொட்டப்படுவது சோறு மட்டுமன்று. அதை விளைவித்த நீர், அந்நீரை இறைத்த மோட்டார், அரைத்த ஆலை, ஏற்றிவந்த லாரி, சமைத்த எரிவாயு, குளிர்வித்த மின்சாரம் ஆகிய அனைத்தும் அந்தக் கைப்பிடிச் சோற்றோடு குப்பைக்குப் போகின்றன. பிரசாதத்தில் ஒரு பருக்கை சிந்தினாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைகளே இதைச் செய்கின்றன என்பது வியப்பு.

அரிசியை அரைமணி நேரமும், கொண்டைக்கடலை போன்றவற்றை இரவு முழுவதும் ஊறவைத்துச் சமைத்தால் அவை விரைவில் வேகும். பாட்டிமார் அறிந்திருந்த செய்தி இது. மூடாத பாத்திரத்தில் கொதிப்பது காற்றைச் சூடாக்குவதற்கே பாதி பயன்படும். திறந்த பாத்திரத்தில் நீர் கொதிநிலையை அடைந்துவிட்டால், அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. தூண்டிய நெருப்பு முழுவதும் ஆவியாகப் போவதுதான். ஆகையால் கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். வெந்துவிட்ட பண்டம் பாத்திரத்தின் சூட்டிலேயே பதமாகும். ஓரிரு நிமிடம் முன்னதாகவே அடுப்பை அணைக்கலாம். பிரஷர் குக்கரில் ஒரே வேளையில் அரிசி, பருப்பு, காய் மூன்றையும் அடுக்கி வைப்பதும் பழகிய சிக்கனமே. இந்நாடு தனக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கடல் கடந்த நாடுகளிலிருந்து தருவிக்கிறது. அயல்நாட்டில் போர் மூண்டால் இங்கே அடுப்படியில் கவலை புகுவது அதனால்தான்.

பழங்காலத்து விறகடுப்புக்கே திரும்பிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அந்தப் புகையில் கண்ணும் நெஞ்சும் கெட்டுப்போன தாய்மார்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கேது? எரிவாயு அவர்களுக்கு வந்த விடுதலை. அதுபோலவே, ஓலைக்குடிசையில் சித்திரை வெயிலில் குழந்தையோடு வாடுபவருக்கு மின்விசிறியைக் குறைத்துக்கொள்ளும்படி உபதேசிப்பது தர்மமாகாது; அவருக்கு இன்னும் ஒரு விசிறி கிடைக்க வேண்டும். சிக்கனம் என்பது மிகுதி உள்ளவருக்கே சொல்லப்படும் சொல்.

மிகுதி எங்கே செலவாகிறது என்பதில் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. வீட்டில் பெரியவர்கள் பகலில் எரியும் விளக்கைக் கண்டு சினப்பார்கள், அது சரியே. 60 வாட் குண்டு பல்பு ஒன்று நாளைக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் மாதம் ஏறக்குறைய 11 யூனிட். அதே ஒளியைத் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு இரண்டு யூனிட்கூட ஆகாது. ஆகவே மாற்றாதவர் மாற்றலாம். ஆனால் உண்மையில் மின்சாரத்தை விழுங்குபவை ஒளி தருபவை அல்ல, சூடாக்குபவையும் குளிர்விப்பவையுமே. ஒரு வாளி நீரைக் கீசரில் வெதுவெதுப்பாக்கச் செலவாகும் மின்சாரத்தைக் கொண்டு, அந்த 9 வாட் விளக்கை ஒன்றரை நாள் இடைவிடாது எரிக்கலாம். மார்கழி மாதத்தில் குளிர்ந்த நீராடிக் கோஷ்டிக்கு வருவோர் தம்மை அறியாமலே பெருஞ்சிக்கனம் செய்கிறார்கள். நோயாளிகளும் முதியோரும் வெந்நீரில் நீராடட்டும். பங்குனி வெயிலில் திடகாத்திரமான இளைஞருக்கு வெந்நீர் எதற்கு?

குளிர்சாதனம் அதனினும் பெரிது. சாதாரண மின்விசிறி இரவு எட்டு மணி நேரம் சுழல முக்கால் யூனிட்டுக்கும் குறைவாகவே கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியோ அதே இரவில் பல யூனிட்டுகளைக் கொள்கிறது. 2020ஆம் ஆண்டு தொடக்கம் முதல், புதிதாக விற்பனைக்கு வரும் குளிர்சாதனங்கள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தி வைக்கும்போதும் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது மின்சிக்கன வாரியத்தின் கணக்கு. 18 டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்துறங்குவோரும் இருக்கிறார்கள். அவர்களை என்னென்பது! மாலை வந்ததும் சாளரங்களைத் திறந்து காற்றை விடுவதும், மேற்கு வெயில் படும் பக்கம் பந்தலோ மரமோ வைப்பதும் செலவில்லாக் குளிர்ச்சி. மடி வஸ்திரத்தைக் கொம்பினால் எடுத்துக் கொடியில் உலர்த்திய வழக்கமும் அப்படியே. வெயிலும் காற்றும் செய்துவிடும் வேலைக்கு இயந்திரம் வேண்டாம்.

தொட்டி நிறைந்து வழிந்தோடும் நீரைப் பற்றி ஒரு சொல். அது நீர் மட்டுமன்று. மேலே ஏற்றிய மின்சாரமும் வழிகிறது. அண்டை வீட்டார் கூவும்வரை மோட்டாரை நிறுத்தாதவர் இரண்டையும் ஒருங்கே இழக்கிறார்.

உத்ஸவத்திற்கு வரும் அடியார்களும், உத்ஸவம் நடத்தும் உபயதாரர்களும் எண்ணிப் பார்க்க வேண்டியனவும் உண்டு. கர்ப்பக்ருஹத்தின் நெய்விளக்கை மாற்றச் சொல்பவர் எவரும் இல்லர். அந்த ஒளியில் எம்பெருமானைச் சேவிப்பதற்கு ஈடேது? பேச்செல்லாம் வெளியே நிற்கும் மின்னலங்காரத்தைப் பற்றியதே. புறப்பாடு முடிந்து எம்பெருமான் ஆஸ்தானம் திரும்பி, அடியார்கள் உறங்கச் சென்றபின், ஆளற்ற வீதியில் விடியுமட்டும் மின்னி மின்னி அணையும் சர விளக்குகள் யாரை நோக்கி மின்னுகின்றன? நாதஸ்வரம் பல்லவி வாசிக்கும்போது பக்கத்திலேயே டீசல் ஜெனரேட்டர் இரைவதைக் காட்டிலும் அபஸ்வரம் வேறில்லை. ததீயாராதனத்தில் வாழை இலையும் மந்தாரை இலைத் தொன்னையும் இருக்கும்போது பிளாஸ்டிக் தட்டும் குவளையும் வருவது, இரயிலும் அரசுப் பேருந்தும் வரும் ஊருக்கு ஆளுக்கொரு காரில் வருவது, இலையில் பரிமாறியதைப் பாதியில் மூடி எழுவது ஆகியவை உத்ஸவ காலத்தில் கண்ணில் படுபவை. பந்தியில் கேட்டுக் கேட்டுப் பரிமாறுவோர் இருந்தால் பாதிக் குறை தீரும்.

இல்லம் திரும்பியபின் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. மன்றாடியின் மந்தையை ஊரார் எண்ணிப் பார்த்ததுபோல, மின்கணக்கை எடுத்து, சென்ற ஆண்டின் இதே இரண்டு மாதங்களுக்கும் இந்த ஆண்டின் இரண்டு மாதங்களுக்கும் எத்தனை யூனிட் என்று வீட்டார் அனைவரும் உட்கார்ந்து பார்க்கலாம். குழந்தைகள் இதில் பெரியவர்களைவிட ஆர்வம் காட்டுவார்கள். மிஞ்சிய ஒவ்வொரு யூனிட்டும் ஒரு கிலோ கரி மண்ணிலேயே கிடப்பது என்று அவர்களுக்குச் சொன்னால் கணக்கு இனிக்கும்.

இவ்வாறு மிஞ்சுவது யாருக்குப் பயன்படும் என்ற வினாவுக்கு 2012ஆம் ஆண்டு விடை அளித்திருக்கிறது. தமிழகத்தில் மின்பற்றாக்குறை மிகுந்த அவ்வாண்டில், சென்னை மாநகரில் மின்வெட்டு நாளைக்கு ஓரிரு மணி நேரத்தோடு நின்றது. வெளிமாவட்டங்களில் பல ஊர்களில் அது பத்து மணி நேரத்தையும் கடந்தது. தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். சிறு பட்டறைகள் மூடிக் கிடந்தன. உழவர் நள்ளிரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து வயலுக்கு ஓடினார்கள். இருப்பது ஒரே விளக்கு. ஒருவர் கூடுதலாக எரித்தால் மற்றொருவர் வீட்டில் இருள் என்பது அப்போது வெளிப்படையாயிற்று.

இத்தகைய இருளும் இட நெருக்கடியும் ஒருங்கே வந்த ஓர் இரவு திருக்கோவலூரில் நிகழ்ந்தது. பெருமழைக்கு ஒதுங்கிய பொய்கையாழ்வார், ஓர் ஆசிரமத்தின் இடைகழியில் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம் என்று சொல்லிப் பொய்கையார் எழுந்து அமர்ந்தார். பேயாழ்வார் வந்தார். இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். முதலில் வந்தவர் தமக்கே உரியதென்று கதவைத் தாழிடவில்லை, இடமும் வளரவில்லை. படுத்திருந்தவர் அமர்ந்ததும், அமர்ந்தவர் நின்றதுமே நடந்தது. அதன் பின்னரே நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தார்கள். நெருக்குபவர் யாரென்று காணப் பொய்கையார் இந்தப் பூமியையே அகலாகக் கொண்டு விளக்கேற்றினார். பூதத்தார் அன்பை அகலாகக் கொண்டார். பேயார் திருவையும் திருமாலையும் கண்டார்.

திருக்கோவலூரில் எம்பெருமான் மூவுலகையும் அளந்த திருவடியை உயர்த்தித் திரிவிக்கிரமனாகச் சேவை சாதிக்கிறான். அத்தனை பெரியவனுக்கு அவ்வூரில் வழங்கும் மற்றொரு திருநாமம் தேஹளீசன். வேதாந்த தேசிகனும் அத்திருநாமத்தாலேயே தேஹளீச ஸ்துதியை அருளிச்செய்தார். தேஹளி என்றால் இடைகழி.